சீன் நதியோரம் செபப்புத்தகம் தேடி

ஏப்ரல் 4, வெள்ளி: பாரிஸ், நோத்ர்தாம் முன்றில்

வெயில் பளீரென்று அடித்தது. ஆனால் ஆற்றுக் காற்று எலும்பைத் தொட்டது. நோத்ர்தாம் கோயிலுக்குள் போகும் வரிசை முன்றிலை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. எல்லோர் பார்வையும் மேலே, புதுக் கூரையின் மேல். காலடியில் கல்பாவுக்கு நடுவே வேறு நிறக் கற்களில் கோடுகள் ஓடுவதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் முன்றிலை அகலப்படுத்த இடித்த தெருக்களின் அடையாளம் அவை. கோயில் வாசலுக்கு நேரே வரும் கோடுகள் புது நோத்ர்தாம் தெருவைக் காட்டுகின்றன. அச்சிட்ட பிரெஞ்சு செபப்புத்தகத்தின் பெரும் வியாபாரம் இந்தத் தெருவிலும் இதைச் சுற்றிய பாலங்களிலும்தான் நடந்தது.

எந்தச் செபப்புத்தகம்? பாதிரியார் கோயிலில் ஓதுவது வேறு. இது இல்லறத்தார் வீட்டில் ஓதியது. நாளின் எட்டு வேளைக்கும் மாதாவை நோக்கிய செபங்கள், ஏழு தவச் சங்கீதங்கள், புனிதர் மன்றாட்டு மாலை, இறந்தோருக்கான செபம் எல்லாம் இதில் உண்டு. முதல் சில தாள்கள் நம் ஊர்ப் பஞ்சாங்கம் மாதிரி: எந்த ஆண்டில் ஈஸ்டர் எந்த நாள், எந்த நாள் எந்தப் புனிதருக்கு, எந்தக் கிரகம் உடம்பின் எந்த உறுப்பை ஆளும் என்பதெல்லாம் அங்கே. இதற்கு முன் இதையெல்லாம் கையால் எழுதினார்கள். அந்துவான் வேரார் 1485ஐ ஒட்டி இதை அச்சில் கொண்டுவந்தார். அடுத்த நூறாண்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்துவிட்டன.

சிமோன் வோஸ்த்ர் கடை இந்தத் தெருவில், 'சுவிசேஷகர் புனித யோவான்' பலகையின் கீழ் இருந்தது. அவர் முதல் போட்ட வணிகர். அச்சடித்தது பிலிப் பிகூஷே. 1498 செப்டம்பர் 16 அன்று முடிந்த பதிப்பின் முடிவுக்குறிப்பு வோஸ்த்ர் பெயர், தெரு, பலகை மூன்றையும் சொல்கிறது. முதல் பக்கத்திலோ மரத்தின் இருபுறமும் நிற்கும் காட்டு மனிதன், காட்டுப் பெண் படம், அதாவது பிகூஷேயின் முத்திரை. ஒரே புத்தகத்தில் முத்திரை அச்சுக்காரருடையது, முகவரி வணிகருடையது. இதைப் பிரித்துப் பார்க்காதவர்கள் பிகூஷேயைக் கடைக்காரர் ஆக்கிவிடுவார்கள்.

வீட்டு எண் இல்லாத காலம் என்பதால் பலகைதான் முகவரி. அதிலும் சிக்கல் உண்டு. வேராரின் கடையும் புனித யோவான் பலகைதான், ஆனால் நோத்ர்தாம் பாலத்தின் மேல். அந்தப் பாலம் 1499 அக்டோபர் 25 அன்று மேலிருந்த வீடுகளோடு ஆற்றில் விழுந்தது. வேரார் செங்-செவரேன் முனைக்கு மாறினார், பிறகு இதே புது நோத்ர்தாம் தெருவுக்கு வந்தார். ஆண்டு போடாத வேரார் பதிப்பு கையில் கிடைத்தால் முகவரியைத்தான் முதலில் படிக்க வேண்டும். பாலம் என்றிருந்தால் புத்தகம் 1499 அக்டோபருக்கு முந்தியது. பாலம் இடிந்தது ஊருக்குக் கேடு, பதிப்பு ஆராய்பவருக்கு வரம்.

முன்றிலிலிருந்து சின்னப் பாலத்துக்கு இரண்டு நிமிடம். அங்கே 'உடைந்த பானை' பலகையின் கீழ் ழொஃப்ருவா தோரி விற்றார். பாலம் தாண்டினால் செங்-ழாக் தெரு. அங்கே கோப்ளென்ட்ஸிலிருந்து வந்த தீல்மன் கெர்வரின் 'ஒற்றைக்கொம்புக் குதிரை' இருந்தது. 1522இல் கெர்வர் இறந்தபின் மனைவி யோலாந்த் பொனோம் அச்சகத்தை முப்பது ஆண்டுக்கும் மேல் நடத்தினார். அவருடைய தந்தை பஸ்கியே பொனோம் பாரிஸில் ஆண்டு குறித்த முதல் பிரெஞ்சு மொழி நூலை அச்சிட்டவர். பெரிய பெயர்கள் எல்லாமே ஒருவர் கூப்பிட்டால் மற்றவருக்குக் கேட்கும் தொலைவில்தான் இருந்திருக்கின்றன. இதை வரைபடத்தில் பலமுறை பார்த்திருந்தாலும் நடந்து பார்க்கும்போதுதான் திகைப்பாக இருந்தது. அரண்மனைக் கடிகாரத்துக்கு எதிரே கடை வைத்திருந்த கியோம் கொதாரின் கையிருப்பை 1545இல் எண்ணியபோது இரண்டரை லட்சத்துக்கும் மேல் புத்தகம் இருந்தது. அதில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் செபப்புத்தகம். ஆற்றின் நடுவே உள்ள இந்தச் சின்னத் தீவில் அவ்வளவையும் எங்கே அடுக்கினார்களோ!

ஊஷெத் தெருவில் சீஸ் க்ரேப் 6 யூரோ. நின்றபடி குடித்தால் காபி 1.50, அதே காபி உட்கார்ந்தால் 3.20. கடைக்குள் நுழையும்போது 'போன்ழூர்' சொல்லாமல் கேள்வி கேட்டால் பதில் வராது. சொல்லிவிட்டுக் கேட்டால் கடைக்காரர் தெருமுனை வரை வந்து வழி காட்டுகிறார்.

ஏப்ரல் 5, சனி: ழோர்ழ் பிரசான்ஸ் பழைய புத்தகச் சந்தை

பாரிஸின் 15ஆம் வட்டாரத்தில், பழைய குதிரைச் சந்தையின் இரும்புக் கூரைகளுக்குக் கீழே சனி ஞாயிறுகளில் பழைய புத்தகக்காரர்கள் கூடுகிறார்கள். பக்கவாட்டில் சுவர் கிடையாது, காற்று நேராக உள்ளே வரும். விற்பவர்கள் கையுறையின் விரல்நுனியை வெட்டிவிட்டு அணிந்திருந்தார்கள், பக்கம் புரட்ட வேண்டுமே. மேசைகளில் பெரும்பாலும் மலிவுப் பதிப்புகளும் காமிக்ஸும்தான். 500 ஆண்டுச் சரக்கு வேண்டுமானால் மேசைக்குப் பின்னால் இருக்கும் கோப்புகளைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கோப்பில் இருப்பது முழுப் புத்தகம் அல்ல, பிரித்த தாள். ஓரச் சித்திரம் மட்டும் உள்ள தாளுக்கு 50 முதல் 90 யூரோ சொன்னார்கள். முழுப்பக்கப் படம் இருந்தால் 350க்கு மேல். புத்தகமாக விற்பதைவிடத் தாள் தாளாக விற்றால் லாபம் அதிகம். அதனால்தான் கிழிக்கிறார்கள். கிழித்தபின் அந்தத் தாள் எந்தப் பதிப்பு என்று சொல்வதற்கான சான்றில் முக்கால்வாசி போய்விடுகிறது, ஏனென்றால் ஆண்டும் பெயரும் கடைசித் தாளில்தான் இருந்தன. இந்த வியாபாரத்தை என்னால் நல்ல வார்த்தையில் சொல்ல முடியாது.

ஆனாலும் தாளில் படிக்க எஞ்சியிருப்பது கொஞ்சம் உண்டு. 10 மடங்கு பெருக்கும் லென்ஸும் சாய்த்துப் பிடிக்க ஒரு டார்ச்சும் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது, அது அச்சுத்தானா என்பது. 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் குர்மேர், க்ருயெல்-எங்கெல்மன் போன்றவர்கள் பழைய கைப்பிரதி ஓரச் சித்திரங்களோடு வண்ணக் கல்லச்சில் செபப்புத்தகம் போட்டார்கள். அழகான வேலை, ஆனால் வேறு சரக்கு. லென்ஸில் அந்த வண்ணம் சிறு புள்ளிகளாகச் சிதறும், தாளின் பின்புறம் வழவழப்பாக இருக்கும். பழைய பிளாக்கில், அதாவது படம் செதுக்கிய அச்சுத் துண்டில், மை கோட்டின் விளிம்புக்குப் பிதுங்கி நடுவைவிட ஓரத்தில் கருமை கூடும். டார்ச்சைச் சாய்த்தால் அழுத்தம் பின்பக்கம் மேடாகத் தெரியும்.

அடுத்தது ஓரச் சித்திரம். அது முழுச் சட்டமாக வெட்டியது அல்ல. வெளி ஓரத்துக்கு அகலத் துண்டு, அடிக்கு ஒன்று, உள் ஓரத்துக்கு மெலிந்தது, தலைக்கு ஒன்று என நான்கைந்து துண்டுகளை எழுத்துக்கோப்பைச் சுற்றி அடுக்கி இறுக்கினார்கள். மூலையில் துண்டுகள் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருக்கும். அதே துண்டு இருபது பக்கம் தள்ளி வேறு துணையோடு திரும்ப வரும். பாரிஸின் நல்ல வேலை மரத்தில் அல்ல, உலோகத்தில். படக் கோட்டை மேடாக விட்டுச் சுற்றிலும் செதுக்கி, பின்னணியில் ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் குத்தினார்கள். பெரிய கறுப்புப் பரப்பு ஒரே சீராக மை வாங்காது, திட்டுத் திட்டாக விழும். புள்ளி குத்தினால் அந்தக் குறை மறையும், படமும் மின்னும். மரம் தேய்ந்தால் பிளக்கும், கோட்டின் குறுக்கே வெள்ளை விரிசல் விழும். உலோகம் பிளக்காமல் ஓரம் வளையும். அதை மரக்கட்டையில் அடித்திருந்த ஆணியின் தலை வட்டமாக மை வாங்கி அச்சில் விழுந்துவிடும். ஆணித்தலை தெரிந்தால் பிளாக்குக்கு வயதாகிவிட்டது என்று பொருள்.

தாள் விற்றவர் பேச்சு வாக்கில் தெர்மாஸிலிருந்து சூப் ஊற்றிக் கொடுத்தார். லீக்கும் உருளைக்கிழங்கும். வாங்காமல் கிளம்பியதற்கு முகம் சுளிக்கவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்: த்ரூவோ ஏல மாளிகை

பாரிஸில் பழைய செபப்புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்க எளிய வழி நூலகம் அல்ல. தேசிய நூலகத்தின் அரிய நூல் பிரிவுக்கு ஆய்வாளர் அட்டை வேண்டும், எதற்காக அந்தப் பிரதி என்று விளக்கவும் வேண்டும். த்ரூவோ தெரு 9ஆம் எண்ணுக்குப் போனால் ஏலத்துக்கு முந்திய பார்வை நாளில் யாரும் இலவசமாக நுழையலாம். கண்ணாடிப் பெட்டிக்கு அருகே நிற்கும் ஊழியரிடம் எண்ணைச் சொன்னால் பூட்டைத் திறந்து கையில் தருவார். கோட்டு போட்ட கிழவர், கல்லூரி மாணவி, தரகர் எல்லோருக்கும் ஒரே மரியாதை. பை மட்டும் தோளில் இருக்கக் கூடாது.

இன்றைய சரக்கில் பாரிஸ் அச்சுக்காரர்களான அர்துவாங் சகோதரர்களின் எட்டுமடிப் பதிப்பு ஒன்று இருந்தது. தோல்தாள், 19ஆம் நூற்றாண்டுச் சிவப்பு மொரோக்கோ ஆட்டுத்தோல் அட்டை. உள்ளங்கைக்குள் அடங்கும். இப்படி ஒன்றைச் சோதிக்கும் ஒழுங்கைச் சொல்கிறேன்.

படத்தைப் பார்க்காதீர்கள். கடைசித் தாளுக்குப் போங்கள், ஆண்டும் பெயரும் அங்கே. ஆண்டு பெரும்பாலும் எழுத்திலும் ரோமன் எண்ணிலும் கலந்து வரும். 98 என்பதை 'நாலு இருபது, பதினெட்டு' என்று போட்டிருப்பார்கள். இன்னொரு பொறியும் உண்டு. அன்றைய பாரிஸில் புத்தாண்டு ஈஸ்டரில் பிறந்தது, 1564 ஆணைதான் அதை ஜனவரி 1க்கு மாற்றியது. ஆகவே ஜனவரி முதல் ஈஸ்டர் வரையான தேதி என்றால் ஆண்டில் ஒன்றைக் கூட்ட வேண்டும். தோரியின் புகழ்பெற்ற செபப்புத்தகம் 1524 ஜனவரி என்று சொல்வது நம் கணக்கில் 1525.

கடைசித் தாள் இல்லையா? அப்போதுதான் எல்லோரும் முன்னால் இருக்கும் ஈஸ்டர் அட்டவணைக்கு ஓடுவார்கள். அதன் முதல் ஆண்டையே அச்சான ஆண்டாக எழுதிவைத்த பழைய ஏலப் பட்டியல்கள் எத்தனையோ. அது தவறு. 1488 முதல் 1508 வரையான அட்டவணையை வோஸ்த்ருக்காகப் பிகூஷே பத்தாண்டுக்குப் பிறகும் அப்படியே அச்சிட்டார். 1498 பதிப்பிலும் அதுதான் இருக்கிறது. தீர்ந்துபோகாத அட்டவணையை மாற்றி என்ன லாபம்? அட்டவணை சொல்வது 'இந்தக் கடைசி ஆண்டுக்குப் பிறகு விற்பது கடினம்' என்பதை மட்டும்தான்.

அடுத்து தாள்களை எண்ண வேண்டும். எட்டுமடி என்றால் ஒரு முழுத்தாளை மூன்று முறை மடித்து எட்டுத் தாள், பதினாறு பக்கம். ஒவ்வொரு மடிக்கட்டின் முதல் நான்கு தாள்களின் அடியில் வலப்பக்கம் எழுத்தும் எண்ணும் இருக்கும்: ஏ 1, ஏ 2, ஏ 3, ஏ 4, பிறகு நான்கு தாள் வெறுமை, அப்புறம் பி 1. அட்டை கட்டுபவர் வரிசை மாற்றாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. 19ஆம் நூற்றாண்டில் மறுகட்டுமானம் செய்தவர்கள் ஓரத்துக்குத் தங்கம் பூச நறுக்கியதில் இது பாதி வெட்டுப்பட்டிருக்கும். இந்தப் பிரதியிலும் அடி ஓரச் சித்திரத்தில் ஒரு வரி போயிருந்தது.

அது போனாலும் தோல்தாளே சாட்சி சொல்லும். மயிர்ப்பக்கம் மங்கல் மஞ்சள், மயிர்க்கால் புள்ளிகளோடு இருக்கும். தசைப்பக்கம் வெளுத்து மென்மையாக இருக்கும். மடித்த தாளில் மயிர்ப்பக்கம் மயிர்ப்பக்கத்தையே எதிர்கொள்ளும், தசை தசையை. ஒரு மடிக்கட்டுக்குள் திறந்த இரு பக்கமும் நிறம் ஒவ்வவில்லை என்றால் நடுவே ஒரு தாள் காணாமல் போயிருக்கும், அல்லது வெளியிலிருந்து வந்து சேர்ந்திருக்கும். தோல்தாள் மை குடிக்காது, மேலேயே நின்று மெல்ல உலரும். அவசரப்பட்டு அடுக்கினால் எதிர்ப்பக்கத்தில் நிழல் அச்சு விழும். ஈரக் காற்றுப் பட்டால் சுருண்டு புத்தகமே விசிறியாகப் பிரியும். பழைய அட்டைகளில் கொக்கி இருந்தது அழகுக்கு அல்ல, அழுத்திப் பிடிக்க.

படத்துக்கு இப்போது வரலாம். அர்துவாங் பிரதிகளில் பெரும்பாலும் அச்சுக் கோடே தெரியாத அளவுக்கு வண்ணம் இருக்கும். ழெர்மாங் அர்துவாங் தாமே தேர்ந்த வண்ணக்காரர். முடிவுக்குறிப்பில் அதைப் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார். வண்ணக்காரர் அடியிலிருக்கும் வரைவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதும் இல்லை. சில பிரதிகளில் அச்சிட்ட ஆளையே மூடி வேறு ஆளை வரைந்திருப்பார்கள், அச்சிட்ட தலைப்பு வரி தங்கத்துக்குள் புதைந்திருக்கும். டார்ச்சைச் சாய்த்தால் அடிக்கோடு மேலெழும். எழுத்துப் பக்கங்களில் வரிகளுக்குக் கீழே கையால் இழுத்த சிவப்புக் கோடுகள் இருந்தால், வாங்கியவர் அதற்குத் தனியாகப் பணம் கொடுத்திருக்கிறார். கோடு போட்டு எழுதியதைப் போலக் காட்ட அச்சடித்த பின் கோடு போடுகிற கூத்து!

எந்த ஊர் வழக்கு என்பது கடைசிச் சோதனை. மாதாவின் செபங்கள் மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் மாறின. தலைப்பில் 'ரோம் வழக்குப்படி', 'பாரிஸ் வழக்குப்படி' என்று இருக்கும். தலைப்புத் தாள் இல்லை என்றால் பிரீம் என்ற காலை வேளைக்கும் நோன் என்ற பிற்பகல் வேளைக்கும் போய் முன்மொழியையும் சிறு வாசகத்தையும் படிக்க வேண்டும். பிரீமில் 'அஸ்ஸும்ப்தா எஸ்த்', 'க்வே எஸ்த் இஸ்தா'; நோனில் 'பூல்க்ரா எஸ்', 'இன் ப்ளாதேயிஸ்' என்றால் ரோம். 'பெனெதிக்தா தூ', 'ஃபெலிக்ஸ் நாம்க்வே'; 'சிகுத் லிலியும்', 'பெர் தே தேயி' என்றால் பாரிஸ். நாட்காட்டியை மட்டும் நம்பக் கூடாது. பாரிஸ் அச்சகங்கள் கோத்து வைத்த நாட்காட்டியையே வேறு ஊர் பதிப்புக்கும் ஒட்டிவிடும். இன்றைய பிரதி ரோம்.

ஏலம் முடிந்த விலைக்கு மேல் ஏலக் கட்டணம் கால் பங்கைத் தாண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் கை தூக்க வேண்டும். மாளிகைக்கு எதிரே மதியச் சாப்பாடு 17.50. மாட்டிறைச்சிக் குழம்பும் உருளைக்கிழங்கு மசியலும். பக்கத்து மேசையில் இரண்டு தரகர்கள் ஒரே நாற்காலி லாட்டை யார் விடுவது என்று குரல் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள், சட்டப்படி அது கூடாது.

ஏப்ரல் 8, செவ்வாய்: ரூவான்

ரூவான் கதீட்ரலின் வடபுற வாசலுக்குப் புத்தகக்காரர் வாசல் என்றே பெயர். அதற்கு முன்னுள்ள நீண்ட குறுகிய முற்றத்தில் புத்தகக் கடைகள் இருந்தன, வாடகை கோயில் குருக்களுக்குப் போனது. இன்று முற்றத்தில் கடை எதுவும் இல்லை, புறா மட்டும். வாசலின் அடிப்பகுதியில் விரற்கடை விரற்கடையாகச் செதுக்கிய விசித்திர உயிர்கள்: பாதி மனிதன், பாதி விலங்கு. செபப்புத்தக ஓரத்தில் ஓடும் பிராணிகளும் இதே கூட்டம்தான். செபத்துக்கு ஓரத்தில் இந்தக் கூத்துக்கு வாங்கியவர்கள் கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

ரூவானுக்கு வருமானம் கடலுக்கு அக்கரையிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் அச்சகம் குறைவு. 1484இல் மூன்றாம் ரிச்சர்ட் காலச் சட்டம் அந்நிய வணிகருக்கு விதித்த கட்டுப்பாட்டிலிருந்து புத்தகத்துக்கு விலக்குக் கொடுத்தது. ரூவானில் மார்த்தேன் மொரேன், பாரிஸில் வோஸ்த்ர், பிறகு பிரான்சுவா ரெஞ்ஞோ ஆகியோர் சாரம் வழக்கில், அதாவது சாலிஸ்பரி மறைமாவட்ட முறையில், ஆங்கிலேயருக்கென்றே அச்சிட்டு அனுப்பினார்கள். பிரெஞ்சு அச்சுக்கோப்பவர்கள் ஆங்கிலச் செபங்களைக் கோத்த இடங்களில் எழுத்துப்பிழைகள் வேடிக்கையாக இருக்கும். 1534இல் எட்டாம் ஹென்றியின் சட்டம் அந்த விலக்கை எடுத்தது. வியாபாரம் சரிந்தது.

இங்கிலாந்துக்குப் போய் வந்த பிரதியா என்று பார்க்க நாட்காட்டியில் டிசம்பர் 29ஐயும் ஜூலை 7ஐயும் திறக்க வேண்டும். இரண்டும் மன்னரோடு மோதிக் கொலையுண்ட பேராயர் கான்டர்பரி தோமாவின் திருநாள். 1538இல் அவர் பெயரை எல்லா நூலிலும் அழிக்க ஹென்றி ஆணையிட்டார். அடித்திருக்கும், சுரண்டியிருக்கும், சிலர் வாசிக்கும்படி மெலிதாக ஒரே கோடு இழுத்துத் தப்பித்திருப்பார்கள். 'போப்' என்ற சொல்லுக்கும் அதே கதி.

மழை பிடித்துக்கொண்டது, பொடித் தூறல், குடைக்கு அடங்காதது. ஒதுங்கியது செங்-மக்லூ முற்றத்தில். கொள்ளைநோய்க் கல்லறையைச் சுற்றி 1526 முதல் எழுப்பிய மரக் கூடங்கள், உத்தரங்கள் முழுக்க மண்டையோடு, தொடை எலும்பு, மண்வெட்டி, மணல் கடிகாரம். அனுமதி இலவசம். கல்தூண்களில் மரண நடனம்: எலும்புக்கூடு ஒருவரைக் கைப்பிடித்து இழுக்கிறது. முகங்கள் சிதைந்துவிட்டன. இதே நடனத்தைக் கியோ மர்ஷான் 1485இல் பாரிஸில் தனி நூலாகப் போட்டார். வோஸ்த்ர் அதை ஓரத் துண்டுகளாக்கி இறந்தோர் செபத்தின் பக்கங்களில் ஓடவிட்டார். போப்பில் தொடங்கி ராஜா, வணிகர், குழந்தை வரை அடுக்கு அடுக்காக ஒருவரையும் விடாமல். பெண்களுக்குத் தனி வரிசையே உண்டு.

ஆப்பிள் சைடர் ஒரு கிண்ணம் 4 யூரோ, இதய வடிவ நெஷாத்தெல் சீஸ் சந்தையில் 4.50. சீஸ் விற்ற அம்மா எந்த நாள் சாப்பிடப்போகிறோம் என்று கேட்டுவிட்டுத்தான் எந்தத் துண்டு என்று தீர்மானித்தார்.

ஏப்ரல் 9, புதன்: த்ருவா

பாரிஸும் ரூவானும் போலவே த்ருவாவும் சீன் நதியின் ஊர், ஆனால் வெகு மேலே. பாரிஸ் அச்சகங்கள் விழுங்கிய காகிதத்தில் பெரும் பங்கு இந்த ஊர் ஆலைகளில் பிறந்தது. 1489இல் எட்டாம் சார்லஸ் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் சலுகைக்குரிய தொழிலாளரைப் பட்டியலிட்டபோது 24 புத்தக வணிகரோடு த்ருவா, கோர்பே, எஸ்ஸோன் காகிதக்காரர்களையும் சேர்த்தார். எழுத்து வெட்டுவதில் பேர்போன கியோம் லெ பே 1525இல் இங்கே ஒரு காகிதக்காரர் வீட்டில் பிறந்தவர்.

முதல் போடுகிறவர் காகிதத்துக்குத்தான் அதிகம் அஞ்சினார். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 96 தாள் செபப்புத்தகம் எட்டுமடியில் 12 முழுத்தாள். 1,000 பிரதி என்றால் 12,000 தாள், 500 தாள் ரீமாக 24 ரீம், அதுவும் கெட்டுப்போகும் தாளுக்கு விட்டுக்கொடுக்காமல். ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு பக்கம், இரண்டு நிறம்: 48,000 ஓட்டு. அன்றைய மர அச்சின் அழுத்துப்பலகை பாதி ஃபாரத்தை, அதாவது கோத்து இறுக்கிய பக்கத் தொகுதியில் பாதியைத்தான் மூடும், ஆகவே ஓட்டுக்கு இரண்டு இழுப்பு, 96,000 முறை கைப்பிடியை இழுக்க வேண்டும். கடைசிப் பிரதி மடித்துக் கட்டும் வரை ஒரு காசும் திரும்பாது. காகிதக் கடனோ முதல் நாளே தொடங்கிவிடும்.

காகிதப் பிரதியில் நீர்க்குறி தேடுபவர் எட்டுமடியில் சலித்துப்போவார். குறி முழுத்தாளின் ஒரு பாதியின் நடுவில் இருக்கும். மூன்று முறை மடித்ததும் அது உள் ஓரத்தின் தலைமூலைக்குப் போய் நான்கு தாளில் சிதறிவிடும். அந்த மூலைதான் தையலுக்குள் மறையும், மேல் நறுக்கிலும் போகும். சங்கிலிக் கோடு மட்டும் தப்பாது. நெட்டாக ஓடினால் இருமடி அல்லது எட்டுமடி, குறுக்காக ஓடினால் நான்குமடி.

பழைய ஊரின் மரச்சட்ட வீடுகள் தெருவுக்கு மேல் சாய்ந்து ஒன்றையொன்று முட்டப் பார்க்கின்றன. சந்தில் மழை விழாது, கூரைத் தண்ணீர்தான் விழும். 17ஆம் நூற்றாண்டில் நிக்கோலா ஊதோவும் பின்வந்தவர்களும் தேய்ந்த பழைய பிளாக்குகளை வைத்து நீல அட்டைப் புத்தகங்கள் போட்டு, சுமை வியாபாரிகள் கையில் கிராமம் கிராமமாக விற்றது இங்கிருந்துதான். அரசிகள் முழங்காலில் வைத்துப் பார்த்த வகைப் படம் கடைசியில் சந்தைக்காரி கூடைக்குப் போய்ச் சேர்ந்தது.

சாப்பாட்டில் ஒரு சறுக்கல். சமையலறை மதியம் 2 மணிக்கு மூடும். 2.05க்குக் கதவில் நின்றவர்களுக்குப் பரிமாறுபவர் கடிகாரத்தைக் காட்டித் தோளைக் குலுக்கினார், ஆனால் ரொட்டியும் ஷவூர்ஸ் சீஸும் கட்டிக் கொடுத்துக் காசு வாங்க மறுத்தார். ஊரின் பேர்போன அந்துயெத், பன்றிக் குடல் திணித்த சாஸேஜ், இரவில் 17 யூரோவுக்குக் கிடைத்தது. கடுகுச் சாஸ் இல்லாமல் அதை அணுகாதீர்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி: ஆன்ட்வெர்ப்

வெள்ளிச் சந்தைச் சதுக்கத்தில் வெள்ளிக்கிழமை காலை பழைய வீட்டுச் சாமான் ஏலம். தையல் இயந்திரம், கட்டில், பெட்டி நிறையக் கோப்பைகள். ஏலம் கூறுபவர் பிளெமிஷில் பொரிந்து தள்ள, கூட்டம் கைச்சைகையிலேயே வாங்குகிறது. அந்தச் சதுக்கத்திலேயே பிளான்டின்-மொரேத்துஸ் அருங்காட்சியகம். அனுமதி 12 யூரோ, ஒரு சல்லி வீண் இல்லை.

கிறிஸ்தோஃப் பிளான்டின் பிரெஞ்சுக்காரர், தூர் நகர்ப்பக்கம் பிறந்தவர். கானில் அட்டை கட்டக் கற்று, இங்கு வந்து, 1555இல் அச்சகம் தொடங்கினார். உச்சத்தில் 16 அச்சு ஓடியது. 1600ஐ ஒட்டிய இரண்டு அச்சு இன்றும் நிற்கின்றன, உலகில் எஞ்சியவற்றில் மூத்தவை. சிவப்பும் கறுப்பும் எப்படி ஒரே பக்கத்தில் விழுந்தன என்பது அவற்றின் முன் நின்றால் விளங்கும். தாளைப் பிடிக்கும் சட்டத்தின் மேல் இன்னொரு மெல்லிய சட்டம் கீல் போட்டு மடிகிறது. அதில் காகிதம் ஒட்டி, சிவப்பு விழ வேண்டிய இடங்களுக்கு மட்டும் ஜன்னல் வெட்டுவார்கள். சிவப்பு மை தடவி ஓட்டினால் ஜன்னல் வழியே அந்தச் சொற்கள் மட்டும் தாளில் பதியும். பிறகு அந்தச் சொற்களின் அச்செழுத்துகளை எடுத்துவிட்டு வெற்றுத் துண்டு வைத்துக் கறுப்பு. தாள் நனைத்துத்தான் அச்சிடுவார்கள். இரண்டு ஓட்டுக்கும் நடுவே அது உலர்ந்தால் சுருங்கும், சிவப்பு அரை வரி தள்ளி ஏறும். ஜன்னல் சின்னதாக வெட்டப்பட்டால் சிவப்பு எழுத்தின் கால் துண்டாகும். இரண்டும் செபப்புத்தகத்தில் அடிக்கடி பார்க்கிற குறைகள்.

பிளான்டின் செய்த பெரிய மாற்றம் படத்தில். பாரிஸ் பிளாக்கின் கோடு மேடு, ஆகவே எழுத்தோடு சேர்ந்தே அச்சாகும். செப்புத்தகட்டில் கோடு பள்ளம். மையைப் பள்ளத்துக்குள் விட்டு மேற்பரப்பைத் துடைத்து, இரண்டு உருளைக்கு நடுவே நசுக்கி எடுக்க வேண்டும். அதற்குத் தனி இயந்திரம், தனி ஆள், எழுத்து அச்சான பிறகு தாள் மறுபடி நனைந்து இன்னொரு பயணம். மின்கன் லீஃப்ரிங்க் என்ற பெண் பிளான்டினுக்காக இந்தத் தகட்டு அச்சைச் செய்தவர்களில் ஒருவர். தகடு பக்கத்தில் சாய்ந்தோ எழுத்தை மிதித்தோ விழுந்த பிரதிகள் உண்டு. நுணுக்கம் அதிகம், செலவும் அதிகம். பாரிஸ் ஓரச் சித்திரத்தின் கலகலப்பு இதில் இல்லை, எனக்கு இவை சற்றுக் குளிர்ந்த படங்கள்.

பழைய செபப்புத்தகச் சந்தையை முடித்துவைத்தது தகடு அல்ல. கத்தோலிக்கத் திருச்சபையின் ட்ரென்ட் பொதுச்சங்கத்துக்குப் பிறகு 1571இல் போப் ஐந்தாம் பியுஸ் மாதா செபநூலுக்கு ஒரே வடிவம் வகுத்து, பழைய செபப்புத்தகங்களைத் தடைசெய்தார். பாரிஸ் வழக்கு, ரூவான் வழக்கு என ஊருக்கு ஒன்றாக விற்றவர்களின் கையிருப்பு விலைபோகாத சரக்கானது. ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பின் உரிமம் பெற்ற பிளான்டின் புது வடிவத்தை ஆயிரக்கணக்கில் அச்சிட்டு ஸ்பெயினின் எஸ்கோரியல் மடத்துத் துறவிகள் மூலம் விற்றார். அரசரிடம் பாக்கி வசூலிக்க அவர் பட்ட பாடும் இங்குள்ள கணக்கேடுகளில் இருக்கிறது.

ஆகவே இந்தக் காலத்துப் பிரதி என்றால் பிரீமையும் நோனையும் தேடிப் புரட்ட வேண்டாம். தலைப்புப் பக்கத்திலேயே 'ஐந்தாம் பியுஸ் ஆணைப்படி' என்று லத்தீனில் இருக்கும். படத்தைச் சுற்றி விரலை ஓட்டினால் தகட்டின் விளிம்பு பதிந்த பள்ளம் தட்டும்.